ரெக் ஓட்டுவது ராலே: ஒரு சாம்பியனும் ஒரு சைக்கிள் கம்பெனியும்

ராலே என்றதும் நம் ஊரில் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஆளுயரக் கறுப்பு சைக்கிள்தான். தலைமையாசிரியரும் தாலுகா ஆபீஸ் கிளார்க்கும் ஓட்டிப் போனது. கம்பி பிரேக், தோல் சீட்டு, முழுச் செயினையும் மூடிய கவர், டைனமோ விளக்கு. அடக்கத்துக்கும் ஆயுளுக்கும் பெயர் போன வண்டி. அதை வைத்துப் பந்தயம் விட யாருக்கும் தோன்றியிருக்காது. அதே கம்பெனி 1950களில் தன் பெயரை ஊரெங்கும் ஒலிக்கச் செய்ய நம்பியிருந்தது ரெக் ஹாரிஸ் என்ற ஒரே மனிதரை. அவர் ஏறிய ராலேயில் பிரேக்கே கிடையாது. மட்கார்டு, கேரியர், பெல் எதுவும் கிடையாது. பெடல் சுற்றுவதை நிறுத்தவும் முடியாது.

கடையில் விற்ற வண்டிக்கும் ஹாரிஸ் ஓட்டிய வண்டிக்கும் பொதுவாக இருந்தது முன்பக்கம் ஒட்டிய முத்திரை மட்டும்தான் என்றே சொல்லலாம். அப்படியிருந்தும் இந்தக் கூட்டு பல ஆண்டுகள் நன்றாக ஓடியது. ஏன் ஓடியது, எந்த இடத்தில் நின்றது என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

பெரி நகரத்துப் பையன்

1920 மார்ச் 1 அன்று, இங்கிலாந்தின் லங்காஷையரில் பெரி நகரத்தை ஒட்டிய பர்ட்டில் கிராமத்தில் பிறந்தவர் ஹாரிஸ். பிறந்தபோது பெயர் ரெஜினால்ட் ஹார்கிரீவ்ஸ். தந்தை இறந்தபின் தாய் மறுமணம் செய்துகொள்ள, மாற்றாந்தந்தையின் ஹாரிஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 14 வயதில் படிப்பு முடிந்தது. மோட்டார் மெக்கானிக் பட்டறையில் வேலை பழகப் போனார். முதல் சைக்கிளை வாங்கியதும் அந்த வயதில்தான்.

அவர் முதலில் கவனம் பெற்ற போட்டியை நடத்தியது ராலே அல்ல, ஹெர்குலிஸ். ஆமாம், பின்னால் அம்பத்தூரிலிருந்து நம் வீடுகளுக்கு வந்த அதே பெயர்தான். உருளைகள் மேல் சைக்கிளை நிறுத்தி, இருந்த இடத்திலேயே மிதித்து யார் வேகம் என்று பார்க்கும் போட்டி அது. பையனின் கால் வேகத்தைக் கண்டவர்கள் பந்தயத்துக்குப் போகச் சொன்னார்கள். புல்தரை ஓட்டங்களில் தொடங்கி, 1938ல் மான்செஸ்டர் வீலர்ஸ் கிளப்பில் சேர்ந்து, அந்த ஊரின் ஃபாலோஃபீல்டு மைதானத்தைத் தன் கூடாரமாக்கிக்கொண்டார். கோடையில் பந்தயம், குளிர்காலத்தில் பேப்பர் மில் போன்ற இடங்களில் கிடைத்த வேலை. அன்றைய பந்தயக்காரருக்கு வாழ்க்கை அப்படித்தான்.

1939ல் உலகப் போட்டிக்காக மிலான் போய் இறங்கியாயிற்று. அங்கே இருக்கும்போதே போர் மூண்டது. திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். 10ஆம் ஹுஸார் படைப்பிரிவில் டாங்கி ஓட்டுநராக வட ஆப்பிரிக்கா போனார். டாங்கி அடிபட்டுக் காயமடைந்தார். 1943ல், உடல் தகுதி இல்லை என்று படையிலிருந்து அனுப்பப்பட்டார். படைக்கு ஆகாத அந்த உடம்பு அடுத்த ஆண்டே தேசியப் பட்டங்களை வாரிக்கொண்டு வந்தது. 1947ல் பாரிஸில், ரொக்கப் பரிசு வாங்காத அமெச்சூர்களுக்கான ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூரப் பந்தயத்தில் உலகப் பட்டமும் கிடைத்தது.

1948

மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்ஸ். சொந்த நாட்டில் போட்டி, நடப்பு உலகச் சாம்பியன், தங்கம் உறுதி என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதம் முன்னால் சாலை விபத்தில் முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் முறிந்தன. அதிலிருந்து எழுந்து வந்து, போட்டிக்குச் சில வாரம் இருக்கும்போது ஃபாலோஃபீல்டு பந்தயம் ஒன்றில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார்.

அது போதாதென்று சங்கத்தோடு தகராறு. அணியில் உள்ளவர்கள் எல்லோரும் லண்டன் ஹெர்ன் ஹில் மைதானத்துக்கு வந்து சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்றது தேசிய சைக்கிள் சங்கம். என் ஊரில், என் மைதானத்தில், என் வழியில் பயிற்சி எடுத்துக்கொள்கிறேன் என்றார் ஹாரிஸ். அணியிலிருந்து நீக்கினார்கள். பத்திரிகைகள் பொங்கி எழுந்ததும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். சங்கத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருவர் ஓட்டும் டாண்டம் சைக்கிளில் அவருக்குக் கூட்டாளி ஆலன் பானிஸ்டர். இருவர் கால்கள் ஒரே தாளத்துக்கு வர வேண்டுமென்றால் ஒரே இடத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஹாரிஸ் யார் பேச்சையும் கேட்கிற ரகம் இல்லை. பின்னாளில் ஒரு கம்பெனி இவரை நம்பிப் பணம் போட்டதற்கும் இந்தக் குணமே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

தனிநபர் ஸ்பிரிண்டில் இத்தாலியின் மரியோ கெல்லாவிடம் இறுதிச் சுற்றில் தோற்றார். டாண்டத்தின் இறுதிச் சுற்றிலும் எதிரணி இத்தாலிதான். நிகழ்ச்சி நீண்டு இருட்டிய பிறகு, விளக்கு வசதி இல்லாத ஹெர்ன் ஹில்லில் அந்தப் பந்தயம் நடந்து முடிந்தது. அதிலும் வெள்ளி. உடைந்த முதுகையும் முழங்கையையும் வைத்துக்கொண்டு இரண்டு வெள்ளி என்பது சாதாரணமா? ஆனால் இங்கிலாந்து எதிர்பார்த்தது தங்கம். அமெச்சூர் ஆட்டத்தில் அவர் இனி நிரூபிக்கவும் ஒன்றுமில்லை, சம்பாதிக்கவும் வழியில்லை. தொழில்முறைக்கு மாறினார்.

200 மீட்டர் தொழில்

ஸ்பிரிண்ட் என்பது பார்ப்பவரை முதலில் ஏமாற்றும் பந்தயம். அந்தக் காலத்தில் தூரம் சுமார் 1000 மீட்டர். கடிகாரம் ஓடுவது கடைசி 200 மீட்டருக்கு மட்டும். முதல் 800 மீட்டரில் இரண்டு பேரும் நடை வேகத்தில் போவார்கள். சில சமயம் அப்படியே நின்றுவிடுவார்கள், காலைத் தரையில் ஊன்றாமல், ஹேண்டில்பாரைச் சற்றே திருப்பி, பெடலை நூலளவு முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டு. முன்னால் போக இருவருக்குமே விருப்பம் இருக்காது. பின்னால் வருகிறவருக்கு எதிராளியின் ஒவ்வொரு அசைவும் தெரியும். முன்னவர் காற்றைக் கிழித்துத் தர, அந்த மறைவில் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம்.

பிறகு ஒரு கணம். யாராவது ஒருவர் பாய்வார். சரிவாக அமைந்த ட்ராக்கின் மேல்பகுதியிலிருந்து கீழே இறங்கும் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு பாய்ந்தால் கடைசி 200 மீட்டர் 12 விநாடியில் முடிந்துவிடும். அது மணிக்கு 60 கிலோமீட்டர். அன்றைய ட்ராக் சைக்கிளில் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 7 மீட்டர் நகரும் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு 140 சுற்று சுற்ற வேண்டும். ஃப்ரீ வீல் இல்லாததால், கால் ஓய்ந்தாலும் பெடல் ஓயாது. தடுமாறினால் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் மிதிப்பதில் பலத்தைவிட வழவழப்பு முக்கியம். ஹாரிஸின் கால் அசைவைப் பார்த்தவர்கள் முதலில் சொன்னதே அந்த வழவழப்பைத்தான்.

அவருடைய முத்திரை ஆயுதம் இன்னொன்று: இரட்டைப் பாய்ச்சல். எல்லோரும் ஒரு முறை பாய்வார்கள். அந்தப் பாய்ச்சலைத் தாக்குப்பிடித்துக் கோடு வரை கொண்டுபோவார்கள். ஹாரிஸ் ஒரு முறை பாய்ந்து, எதிராளி பின்னாலேயே பல்லைக் கடித்து எட்டிப் பிடித்து, இனி இவரால் முடியாது என்று நினைக்கும் நேரத்தில் இன்னொரு முறை பாய்வார். முதல் பாய்ச்சலுக்கே மூச்சு முழுவதையும் கொடுத்துவிட்ட எதிராளிக்கு இரண்டாவதற்குப் பதில் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது.

தொழில்முறை உலகப் பட்டங்கள் வரிசையாக வந்தன: 1949ல் கோபன்ஹேகன், 1950ல் பெல்ஜியத்தின் ரோகூர், 1951ல் மிலான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து. அக்காலத்தில் ஐரோப்பிய ஸ்பிரிண்ட் என்பது டச்சுக்காரர்கள் அரி ஃபான் ஃப்ளீட், யான் டெர்க்சன் ஆகியோரின் கோட்டை. அதில் புகுந்து எடுத்த பட்டங்கள் இவை. 1952ல் மிலானில் நின்ற நிலையிலிருந்து 1 கிலோமீட்டரை 1 நிமிடம் 8.6 விநாடியில் முடித்தார். 1950ல் பிரிட்டனின் விளையாட்டு எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கால்பந்தும் கிரிக்கெட்டும் குதிரைப் பந்தயமுமே விளையாட்டு என்றிருந்த நாட்டில் ஒரு சைக்கிள்காரருக்குக் கிடைத்த இடம் அது.

ராலேக்கு என்ன லாபம்?

நாட்டிங்ஹாம் நகரின் ராலே தெருவில் இருந்த சிறு பட்டறையை ஃபிராங்க் பௌடன் என்ற வியாபாரி வாங்கிப் பெரிதாக்கியதுதான் இந்தக் கம்பெனியின் தொடக்கம். ஹாங்காங்கில் பணம் சேர்த்து, உடம்பு கெட்டுப்போய், சைக்கிள் ஓட்டித் தேறியவர் அவர். பந்தயக்காரரை வைத்து வண்டி விற்கும் கலை அவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. அமெரிக்க ஸ்பிரிண்டர் ஆர்தர் ஸிம்மர்மன் 1892ல் இங்கிலாந்து வந்து ராலேயில் ஏறி வென்று குவித்தார். மறு ஆண்டு சிகாகோவில் நடந்த முதல் உலகப் போட்டியில் பட்டமும் வாங்கினார். ராலே சுவரொட்டிகளில் அவர் முகம். விளைவு, அமெச்சூர் என்று சொல்லிக்கொண்டு கம்பெனிக்கு விளம்பரமா என்று பிரிட்டிஷ் சைக்கிள் சங்கம் 1893ல் அவருக்கு உரிமம் தர மறுத்தது.

ஹாரிஸ் விஷயத்தில் அந்தச் சிக்கல் எழவில்லை, அவர் வெளிப்படையாகத் தொழில்முறை வீரர். அமெச்சூராக இருந்தவரை கடிகாரமும் கரண்டி செட்டும்தான் பரிசு; ரொக்கம் வாங்கினால் தீட்டு. தொழில்முறை உரிமம் கையில் வந்ததும் பெயரையும் முகத்தையும் விற்கலாம். ராலே வாங்கிக்கொண்டது. "ரெக் ஓட்டுவது ராலே" என்ற பொருளில் அமைந்த அந்த வாசகம் பிரிட்டன் முழுக்கச் சைக்கிள் கடைகளிலும் சுவர்களிலும் ஏறியது. அந்த வாசகத்தின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள்: இந்த வண்டி வேகமானது என்றோ, இதை வாங்கினால் நீங்களும் ஜெயிப்பீர்கள் என்றோ அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு தகவல், அவ்வளவுதான். மீதியை வாங்குபவர் மனசு நிரப்பிக்கொள்ளும். குடும்பப் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு "ரெக்" வீட்டுப் பிள்ளையாகியிருந்தார் என்பதும் அதிலேயே தெரிகிறது.

ராலேயின் அவசரமும் புரிந்துகொள்ளக் கூடியதே. போர் முடிந்த பிரிட்டனுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஏற்றுமதி செய், செய் என்று அரசு விரட்டிக்கொண்டிருந்தது. 1951 வாக்கில் ராலே ஆண்டுக்கு 10 லட்சம் சைக்கிளுக்கு மேல் செய்தது, அதில் பெரும்பகுதி கப்பலேறியது. ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, மலேயா. கோபன்ஹேகனிலும் மிலானிலும் உலகப் பட்டம் வாங்குகிறவர் எங்கள் வண்டியில் ஏறுகிறார் என்பது நாட்டிங்ஹாமிலும் விலை போகும், நைரோபியிலும் விலை போகும். உலக விளையாட்டில் பிரிட்டன் ஜெயித்துக்கொண்டிருந்த இடங்கள் அப்போது அதிகமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியா சுதந்திரம் பெற்றபின் இறக்குமதிக்குக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அதனால் பிரிட்டிஷ் கம்பெனிகள் இங்கேயே வந்து கூட்டுத் தொழில் தொடங்கின. ராலே வங்காளத்தில் சென் குடும்பத்தோடு சேர்ந்து அசன்சோலில் சென்-ராலே ஆலையைத் தொடங்கியது. ஹெர்குலிஸை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனி 1949ல் முருகப்பா குழுமத்தோடு கைகோத்து அம்பத்தூருக்கு வந்தது. ரெனால்ட்ஸ் 531 என்று பந்தயக்காரர்கள் பூஜித்த எஃகுக் குழாயைச் செய்த ரெனால்ட்ஸ் கம்பெனியும் இதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பம்தான்.

ஹாரிஸுக்குக் கிடைத்தது என்ன? முழுநேரம் சைக்கிள் மட்டும் மிதித்துப் பிழைக்கும் வசதி. இன்று அது சாதாரணம். 1950ல் பிரிட்டனில் அப்படி வாழ்ந்த சைக்கிள் வீரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கம்பெனி ஒப்பந்தத்தோடு, ஐரோப்பிய மைதானங்களில் தலைகாட்டுவதற்கே தனிக்கூலி. உலகச் சாம்பியன் அணியும் வானவில் ஜெர்சி உடம்பில் இருக்கும்வரை அந்தக் கூலி உயரத்தில் இருக்கும். ஜெர்சி போனால் பேரம் இறங்கும். பட்டத்தைத் தக்கவைப்பது அவருக்குக் கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல, வருமானப் பிரச்சினையும்கூட.

இறங்குமுகம்

1952ல் பட்டம் ஸ்விட்சர்லாந்தின் ஆஸ்கர் பிளாட்னர் கைக்கும், 1953ல் ஃபான் ஃப்ளீட் கைக்கும் போனது. ஹாரிஸ் முடிந்தார் என்று எழுதத் தொடங்கியபோது, 1954ல் கொலோனில் நான்காவது தொழில்முறைப் பட்டத்தை எடுத்தார். 34 வயது. ஸ்பிரிண்டருக்கு அது தாத்தா வயது. 1956ல் மறுபடி இறுதிச் சுற்று வரை வந்து, இத்தாலியின் அன்டோனியோ மாஸ்பெஸிடம் தோற்றார். அதன்பின் மாஸ்பெஸ் காலம். 1957ல் ஹாரிஸ் ஓய்வு பெற்றார்.

இதே ஆண்டுகளில் பிரிட்டனில் சைக்கிள் வியாபாரமும் சரியத் தொடங்கியது. தவணையில் மொபெட்டும் காரும் கிடைக்க ஆரம்பித்தபின், வேலைக்குச் சைக்கிளில் போவது ஏழைக்கு அடையாளமாகிவிட்டது. எந்தச் சாம்பியனின் முகமும் அதைத் தடுத்திருக்க முடியாது. இன்னொரு கம்பெனியின் சைக்கிளை விட்டு ராலேயை வாங்கு என்று ஒருவரைத் திருப்ப ஹாரிஸால் முடியும். காரை விட்டுச் சைக்கிளுக்கு வா என்று திருப்ப முடியாது. விளம்பரத் தூதர்களை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. பி.எஸ்.ஏ. சைக்கிள் 1957ல் ராலேயிடம் வந்தது. 1960ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் சைக்கிள் பிரிவும் ராலேயும் ஒன்றாயின. ஹெர்குலிஸும் பிலிப்ஸும் ராலேயும் ஒரே கூரைக்கு வந்தன. 14 வயதில் ஹாரிஸை உருளை மேல் ஏற்றிய கம்பெனியும், அவரை உலகத்துக்குக் காட்டிய கம்பெனியும் கடைசியில் ஒரே முதலாளியின் கீழ்.

சொந்தப் பெயர்

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஓய்வுக்குப் பிந்தைய கட்டம். ஓய்வுக்கு முன்பே, 1955ல், தான் வளர்ந்த ஃபாலோஃபீல்டு மைதானத்தை வாங்கி ஹாரிஸ் ஸ்டேடியம் என்று பெயர் வைத்தார். (1893ல் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்த மைதானம் அது. கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் திணறிய கதை பிரசித்தம்.) அந்த மைதானம் பின்னால் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. மேக்கிள்ஸ்ஃபீல்டில் ரெக் ஹாரிஸ் என்ற பெயரிலேயே சைக்கிள் செய்யத் தொடங்கினார். அதுவும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பிறகு மழைக்கோட்டுக் கம்பெனி, ஃபோம் பிளாஸ்டிக் கம்பெனி என்று வேலைகள்.

பத்து லட்சம் வண்டி செய்த கம்பெனிக்கு அந்தப் பெயர் அவ்வளவு உழைத்தது. சொந்தக்காரருக்கு ஏன் உழைக்கவில்லை? சந்தை சுருங்கிய நேரம் என்பது ஒரு பதில், சரியான பதிலும்கூட. ஆனால் அது மட்டுமல்ல. "ரெக் ஓட்டுவது ராலே" என்பதில் ரெக் பாதி, ராலே பாதி. ஆசையை மூட்டியது அவர். ஆசைப்பட்டவர் பக்கத்துத் தெருக் கடைக்குப் போனால் அங்கே வண்டி இருக்க வேண்டும், தவணை இருக்க வேண்டும், ஒரு நட்டு போனாலும் உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும். அந்தப் பாதி முழுக்க நாட்டிங்ஹாமில் இருந்தது. அதோடு, சுவரொட்டிகள் பல ஆண்டுகளாக மக்கள் மனசில் அவரை ராலேக்காரர் என்று பதித்திருந்தன. இன்னொரு முத்திரையோடு அவர் வந்து நின்றபோது தன் பழைய விளம்பரத்தோடு தானே போட்டியிட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் எந்த வீரரும் கணக்கில் சேர்க்காத செலவு இது.

54 வயதில்

1971ல், 51 வயதில், ஹாரிஸ் மறுபடி ட்ராக்குக்கு வந்தார். வேடிக்கைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். பிரிட்டிஷ் ஸ்பிரிண்ட் போட்டியில் வெண்கலம் வாங்கினார். 1974ல், 54 வயதில், பாதி வயதுக்காரரான ட்ரெவர் காட் என்பவரை வென்று பிரிட்டிஷ் தொழில்முறைப் பட்டத்தையே எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு இரண்டாம் இடம். கால் வேகத்தில் இளைஞர்களோடு அவர் சமமாக இருந்திருக்க வழியில்லை. முதல் 800 மீட்டரில் எங்கே நிற்பது, எப்போது எதிராளியை முன்னால் தள்ளுவது என்ற அறிவு மட்டும் வயதாகாமல் இருந்தது. ஸ்பிரிண்ட் வெறும் கால் பலமல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1992 ஜூனில், மேக்கிள்ஸ்ஃபீல்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கி இறந்தார். மான்செஸ்டரில் பின்னர் கட்டப்பட்ட உள்ளரங்க மைதானத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ராலேயும் பந்தயத்தை விட்டுவிடவில்லை, வாங்கும் முறையை மாற்றிக்கொண்டது. ஒரே ஆளை நம்பினால் அவருக்கு வயதாகும், எலும்பு முறியும், பட்டம் கை மாறும். 1970களில் டி.ஐ.-ராலே (டி.ஐ. என்பது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்) என்ற பெயரில் சாலைப் பந்தயத்துக்கு ஒரு முழு அணியையே வைத்துக்கொண்டது. ஒருவர் விழுந்தால் இன்னொருவர். ஹாரிஸ் 54 வயதில் பட்டம் வென்ற அதே 1974ல் அந்த அணியின் பொறுப்பு பீட்டர் போஸ்ட் கைக்கு வந்தது. 1980ல் அணியின் யோப் ஸூட்டமெல்க் டூர் டி ஃபிரான்ஸை வென்று கொடுத்தார். போஸ்டும் டச்சுக்காரர், ஸூட்டமெல்க்கும் டச்சுக்காரர். ஃபான் ஃப்ளீட்டையும் டெர்க்சனையும் வீழ்த்தித்தான் ஹாரிஸ் ராலேக்குப் பெயர் வாங்கித் தந்திருந்தார்.